ஆறு மணிக்குத் தட்டிய கதவு

ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரின் முதுகில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார் சக்கரவர்த்தி. அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, டீ வந்திருக்கிறது என்றுகூடச் சொல்லக் கூடாது. ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்து, "பேரிங் போயிடுச்சி" என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும்.

திருவண்ணாமலை அவலூர்பேட்டை ரோட்டில், புகைந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை அவருடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. மோட்டாரோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. ஓட்டல் சாம்பாருக்கும் பேரிங் போயிருக்கும். மேடையில் பேசுகிறவருக்கும் போயிருக்கும். மனைவி தனம் புதிதாக வாங்கிய கிரைண்டரை, அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த நாளே காது வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார் மனுஷர். அது ஆறு வருஷமாக நன்றாகத்தான் அரைக்கிறது. அதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் அவருக்கு உடனே கடையில் வேலை வந்துவிடும்.

இந்தத் தீபத் திருவிழாவில் அவர் காதில் சிக்கியது ஒரு நாடகம். 'ஏழாம் வீட்டுக் கதவு' என்று அந்தக் காலத்தில் ரேடியோவில் வந்த தொடர். கொடியேற்றத்தன்று ஆரம்பித்து, தினம் கால் மணி நேரம், பத்தாம் நாள் தீபத்தன்று முடியும். பஞ்சத்தில் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன அண்ணன், அவனுக்காகக் காத்திருக்கும் தங்கச்சி, அவ்வளவுதான் கதை. அந்தப் பத்து நாளும் திருவண்ணாமலையில் பாதிச் சனம் ரேடியோ பக்கத்தில்தான் கிடந்தது. அதை இப்போது புதுக் குரல்களோடு மறுபடி எடுத்து, செல்போன் ஆப் ஒன்றில் தினம் ஒரு பாகம் விடுகிறார்கள். சென்னையில் வேலை செய்யும் மகள் கவிநிலா, அம்மாவின் போனில் அதை ஏற்றிக்கொடுத்திருந்தாள்.

முதல் பாகம் முடிவதற்குள்ளேயே சக்கரவர்த்தி ஆரம்பித்துவிட்டார். "இது மழையா? வாஷிங் மெஷின் ஓடறாப்பல கீது. அப்போல்லாம் ரேடியோல மழை பேஞ்சா, கொடியில காயற துணிய எடுக்க ஓடுவோம்."

"நீங்களா? துணி எடுக்க? இது எப்போ?" என்றாள் தனம்.

"அந்தத் தங்கச்சிக்காரி குரலக் கேளு. பாத்ரூம்ல நின்னுகினு பேசறா."

"அப்ப மட்டும் ரொம்பத் தெளிவா இருந்துச்சாக்கும். அவ அண்ணானு கூப்டறதுக்குள்ள கொர்ருனு சிலோன் ரேடியோக்காரன் உள்ள பூந்துடுவான். இதுல ஒரு தும்மல் போட்டாகூட அழகாக் கேக்குது."

நாலாம் பாகத்தின் கதவுச் சத்தம் ஃப்ரிட்ஜுக் கதவு மாதிரி இருப்பதாக, மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் போக வந்த கீழ்பென்னாத்தூர் சடையனை உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்கினார். சடையனுக்கு வயலில் மணிலாக்கடலைப் பயிர் தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. "கதவு கெடக்குதுண்ணா, மோட்டாரு என்னிக்கி தருவ?" என்று அவன் மூன்று தடவை கேட்டும் பதில் இல்லை. ஏழாம் பாகத்துக்குள், குறையே சொல்ல முடியாத இடத்தில்கூடக் குறை கண்டுபிடித்தார். கடைசியில், "தனம், உடு அத. கேட்டு கேட்டு காதுதான் வலிக்கும். பத்தாவது வேற ரொம்ப மோசமா இருக்கும்" என்றார்.

"இன்னும் வரவே இல்ல, மோசமா இருக்கும்னு எப்படித் தெரியும்?" என்று தனம் கேட்டாள். நியாயமான கேள்வி. சக்கரவர்த்திக்கு உடனே கடையில் வேலை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். பழைய தொடரின் கடைசிப் பாகத்தில், ஐந்து ஐம்பதுக்கு ஆரம்பித்து ஆறு மணி நெருங்கும்போது, கதவு தட்டப்படும். தங்கச்சி எழுந்து போவாள். அதைத் தீபத்தன்று ஆறு மணிக்கு வைத்த புண்ணியவான் நிச்சயமாக வேறு ஊர்க்காரன். வீட்டில் எல்லாரும் தீபம் பார்க்க மொட்டை மாடிக்குப் போய்விட, பதினேழு வயசுச் சக்கரவர்த்தி மட்டும் கீழே, பக்கத்து வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் மேல் இருந்த ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றான். கதவு தட்டப்பட்டது. தாழ்ப்பாள் விலகியது. மலையில் தீபம் ஏறியது. ஊரே ஒரே தொண்டையாக "அரோகரா" என்றது. மணி, வெடி, கூச்சல். எல்லாம் அடங்கியபோது ரேடியோவில் சந்தையில் மணிலா என்ன விலை என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தனத்தின் குரல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண். அவர்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. ஒன்பது நாளும் சுவரோரம் நின்று இவர்கள் ரேடியோவைத்தான் கேட்டாள். பத்தாம் நாள் வீட்டார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "கதவத் தட்னது யாரு?" என்று கேட்டாள். அவ்வளவு நாளில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. தெரியாது என்று சொல்ல எந்தப் பையனுக்கு மனசு வரும்? அளந்துவிட்டான்.

அண்ணன்தான் வந்தான்; தாடியும் மீசையுமாக இருந்ததால் தங்கச்சிக்கு அடையாளம் தெரியவில்லை; யாரோ வழிப்போக்கன் என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்; அவன் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தான்; சின்ன வயசில் அதற்காகவே அம்மாவிடம் அடிவாங்கினவன் அவன்; சொம்பைப் பார்த்ததும் இவளுக்குப் புரிந்துவிட்டது. இதைக் கேட்டுத் தனம் அழுதாள். அவளிடமிருந்து தெருவுக்குப் போய், தெருவிலிருந்து ஊருக்குப் போய், சொம்பைக் கவிழ்த்ததுதான் முடிவு என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை டீக்கடையில் யாரோ அதை இவருக்கே சொல்ல, இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலு வருஷம் கழித்து அவளையே கட்டிக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பொய் வீட்டில் சௌகரியமாகக் குடியிருக்கிறது. இப்போதோ அந்த ஆப்காரர்கள், பழைய ஒலிநாடா கிடைக்கவில்லை, ஆனால் எழுதிய பிரதி கிடைத்துவிட்டது, ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்த அன்றிலிருந்துதான் அவருக்கு மழைச் சத்தம் பிடிக்காமல் போனது.

தீபத்தன்று காலையில் பத்தாம் பாகம் வந்தது. ஊருக்குள் லட்சக்கணக்கில் சனம் வந்தால் போனில் சிக்னல் செத்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். மகள் காரியக்காரி, விடிகாலையிலேயே போன் போட்டு, அம்மாவை அதை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டாள்.

நாலு மணிக்கு மேல் தனம் வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் ஒயரை மாட்டிக்கொண்டு, அகலுக்குத் திரி திரிக்க ஆரம்பித்தாள். ரோட்டில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு போனது. பீப்பி, ஒலிபெருக்கி, போலீஸ் விசில். ஊரில் உள்ள மோட்டாரையெல்லாம் காதாலேயே அளக்கிற மனுஷருக்கு, நாலடி தள்ளி நடப்பது ஒன்றும் கேட்கவில்லை. துடைத்த ஃபேன் இறக்கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். ஓர் இடத்தில் அவள் விரல் நின்றது. திரி பாதியில் தொங்கியது. அப்புறம் ஒயரைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"தனம், அன்னிக்கி நானு..."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"தீபத்தன்னிக்கி ஆறு மணிக்கு இந்த ஊர்ல எவன் காதுல இன்னா உழும்? பக்கத்துல நின்னு எங்கம்மா கூப்ட்டதே எனுக்குக் கேக்கல. உங்களுக்கு மட்டும் ரேடியோ கேட்டுச்சா?"

ஃபேன் இறக்கையைக் கீழே வைத்தார். "அப்ப அழுதியே?"

"நல்லா இருந்துச்சி, அழுதேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா வெக்கப்பட்டுகினு அந்தச் செவுத்துப் பக்கமே நீங்க தல காட்டியிருக்க மாட்டீங்க" என்றாள் தனம். சொல்லிவிட்டுத் திரியைத் திரிக்கத் தொடங்கினாள்.

சக்கரவர்த்தி படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் முடிவு சொன்னவருக்கு நாடகத்தின் உண்மையான முடிவு இதுநாள்வரை தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது? குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "கதவத் தட்னது... யாருதான்?"

தனம் போனில் விரலால் இழுத்துக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய், ஒயரின் ஒரு முனையை அவருடைய வலது காதில் செருகினாள். ரோட்டிலிருந்து இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. கையிலிருந்த திரியைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய இன்னொரு காதைத் தன் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டாள்.