மகளுக்குத் துணையாக ஓடியவன்

எங்கள் ஊரில் விடிகாலையில் ஓடுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, போலீஸ் வேலைக்குப் போகத் துடிக்கும் பிள்ளைகள். இன்னொன்று, சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டரிடம் திட்டு வாங்கியவர்கள். முதல் வகையில் சேரும் வயதைத் தாண்டி எனக்குக் கால் நூற்றாண்டு ஆகிறது. இரண்டாம் வகையில் சேரச் சொல்லி டாக்டர் எத்தனையோ முறை சொல்லியும் நான் பிடிகொடுக்கவில்லை. நான் ஓடியது மகளுக்குத் துணையாக. யார் கேட்டாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன். என் தொப்பையைப் பார்த்து அவர்களாக வேறு முடிவுக்கு வந்துவிடக் கூடாதே.

மகள் டிகிரி முடித்த கையோடு பெண் காவலர் தேர்வு எழுதினாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். உடல்தகுதித் தேர்வில் ஓட்டம் காலை வாரிவிட்டது. மைதானத்தை ஒரே ஒரு சுற்று, குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். டைபாய்டில் கிடந்து எழுந்த உடம்போடு போனாள். கோட்டுக்குச் சில அடி இருக்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று வாயைத் திறந்தவன் மானூர் வரை மூடவில்லை. அதுவரை அழாமல் வந்தவள் அங்கே அழுதுவிட்டாள்.

அடுத்த அறிவிப்பு வந்தது. மறுபடி எழுதினாள், மறுபடி தேறினாள். அந்த நேரம் பார்த்து, ராயகிரியில் வாக்கப்பட்டிருக்கும் என் அக்கா ஒரு வரனோடு வந்து இறங்கினாள். பையன் தங்கமானவன், வயல் இருக்கிறது, வீடு இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை, மருமகள் வேலைக்குப் போகக் கூடாதென்று மாமியார்க்காரி சொல்லிவிட்டாளாம். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குலே போலீஸ் வேல? ஒன் மவ ஒன் பேச்சக் கேக்க மாட்டாளோ?" என்று அக்கா கேட்டதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இந்தத் தடவையும் ஓட்டத்துல போச்சுன்னா ராயகிரிதான். மறுபேச்சு கிடையாது" என்றேன் மகளிடம்.

"சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சொல்லி முடித்த நிமிஷமே எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அக்காவுக்கு எதிரில் விட்ட வார்த்தையைத் திரும்ப வாங்கும் அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை. வார்த்தையைத் திரும்ப வாங்காமலே மகளை ஜெயிக்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதாவது, அவள் பயிற்சியை நானே கையில் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நான் கடைசியாக ஓடியது சாக்குப் போட்டி. அதிலும் விழுந்தேன்.

பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்ட பேண்ட் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் என் இடுப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தது. ஷூ வாங்கினேன். ஃபோனில் ஓட்டப் பயிற்சி வீடியோ அத்தனையையும் பார்த்து, குதிகாலா முன்காலா என்று மகளுக்கு வகுப்பு எடுத்தேன். ஒரு சட்டமும் போட்டேன். "இருட்டோட ஓடுதோம். என் கண்ணு மறைவுக்கு நீ போகவே கூடாது, கேட்டியா?"

"சரிப்பா."

தேரடியில் தொடங்கி, தெற்கு, மேற்கு, வடக்கு ரத வீதிகளைச் சுற்றி மறுபடி தேரடிக்கு வந்தால் ஒரு சுற்று. கோயில் வலக்கைப் பக்கம் வரும்படிதான் ஓட வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஃபோன் என் கையில். நான்தான் அமுக்குவேன், நான்தான் நிறுத்துவேன். மகள் எனக்கு நாலு எட்டு முன்னால் ஓடுவாள். வடக்கு முக்கில் ஒரு செவலை நாய் அவளைப் பார்த்து வாலாட்டும், என்னைப் பார்த்து உறுமும். ஒவ்வொரு முக்கிலும் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள். எனக்கு அது பொறுக்காது.

"திரும்பாதட்டி! முன்னால பாரு! திரும்புனா நேரம் போயிரும்!" என்று கத்துவேன். கத்தியதால் எனக்கு மூச்சு வாங்கும். தேரடிக்கு வந்து, முட்டியைப் பிடித்துக் குனிந்து நின்று, ஃபோனை அமுக்கி நிறுத்துவேன். மகள் பக்கத்தில் சாதாரணமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். மூச்சே வாங்கவில்லை பார், எல்லாம் என் பயிற்சி என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

முதல் மாதம் நேரம் மளமளவென்று குறைந்தது. நான் தரையில் நடக்கவில்லை. அப்புறம் ஓரிடத்தில் வந்து நின்றுகொண்டது. என்ன செய்தும் அசையவில்லை. நாட்டுக்கோழி முட்டை வாங்கினேன். வெள்ளைக் கரு அவளுக்கு, வீணாகக் கூடாதே என்று மஞ்சள் கரு எனக்கு. "ஓடுதது அவ, திங்கது நீங்க" என்றாள் மனைவி. விளையாட்டு விஷயம் இவளுக்கு எங்கே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஆபீஸில் பக்கத்து மேசைக்காரரிடம் மகளின் நேரத்தைக் காட்டி யோசனை கேட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்ன வே இது? இந்த நேரத்துக்கு எங்க அம்மையே நடந்து வந்துருவா" என்றார். அவர் அம்மைக்கு மூட்டு வலி என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனாலும் ராயகிரி கண்ணுக்குள் வந்துவந்து போனது. "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு மக்கா" என்று மகளிடம் கெஞ்சவும் ஆரம்பித்தேன். அவள் "சரிப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. கொடியேறினால் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று. நேர்ந்துகொண்டவர்கள் கோயிலை நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று சுற்றுவார்கள். அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள் அல்லவா, சுற்றுகிறவர்களின் கால்வலியை அவளே வாங்கிக்கொள்வாள் என்று நம்பிக்கை. விடியும் முன்னே வீதியில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிட்டது. வேர்த்து வழிந்து ஓடும் என்னைப் பார்த்து ஒரு அம்மாள் நடையை நிறுத்தினாள்.

"என்ன வேண்டுதல் அண்ணாச்சி? ஓடியே சுத்துதிய?"

"மகளுக்காக" என்றேன் மூச்சு வாங்க.

"அம்மா கண்ணத் தொறந்து பாப்பா. இந்த வருசமே தாலி ஏறிரும், பாருங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனாள். அம்பாள் இந்த வேண்டுதலைத் தப்பாக எழுதிக்கொள்ளக் கூடாதே என்று கோபுரத்தைப் பார்த்து அவசரமாக ஒரு கும்பிடு போட்டேன்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. முதல் சுற்று முடித்துத் தேரடிக்கு வந்ததும் என் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. எல்லோர் கால்வலியையும் வாங்கிக்கொள்ளும் அம்பாள் என்னுடையதை மட்டும் விட்டுவிட்டாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். வீதியெல்லாம் ஆள் இருந்ததால் துணிந்து, "நீ மட்டும் ஒரு சுத்து போயிட்டு வா. நான் இங்கனயே இருக்கேன்" என்றேன். பழக்க தோஷத்தில் ஃபோனையும் அமுக்கினேன். முக்கில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு காணவில்லை.

டீ சொன்னேன். வந்தது. கொதிக்கக் கொதிக்க இருந்ததால் ஊதிக்கொண்டிருந்தேன். வடக்கு வீதி முக்கிலிருந்து மகள் வந்து நின்றாள்.

"என்னட்டி, பாதியில குறுக்க வந்துட்டியா?" என்றேன்.

"குறுக்க எங்கனப்பா வர? நடுவுல கோயில்லா இருக்கு."

ஃபோனைப் பார்த்தேன். நான் இத்தனை நாளாக ஆபீஸ் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்த நேரத்தில் அது பாதிதான். கையில் டீயோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதல் மாதம் மளமளவென்று குறைந்தது என் தொப்பை. அப்புறம் அசையாமல் நின்றது என் மூச்சு. மகளின் பயிற்சி என்று நான் கண்ணும் கருத்துமாகக் கணக்கு வைத்ததெல்லாம் என்னுடைய ஓட்டம். பக்கத்து மேசைக்காரரின் அம்மையிடம் தோற்றது நான்தான்.

"ஏன் சொல்லல?"

"நீங்கதானப்பா கண்ணு மறைவுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னிய."

"அதுக்காக, இத்தன மாசமா நடந்தா வருவ?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "வடக்கு முக்குல அந்தச் செவல நாய் நிக்கும்லா. அது என்னைய ஒண்ணும் செய்யாது, உங்கள மட்டுந்தான் வெரட்டும். விட்டுட்டுப் போனா நீங்க விழுந்து கிழுந்து வைப்பிய."

ஆக, ஒவ்வொரு முக்கிலும் அவள் திரும்பிப் பார்த்தது நான் நின்ற நிலையில் இருக்கிறேனா, கிடந்த நிலையில் இருக்கிறேனா என்று பார்க்க. அதற்கும் நான் கத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது. மாதக்கணக்காகப் பிள்ளை முழு வேகத்தில் ஓடவே இல்லை. அக்கா முன்னால் வாயைக் கொடுத்ததும் நான், இப்போது மகளை ராயகிரிக்கு அனுப்பப் போவதும் என் கால்தான்.

மறுநாள் அவளே பேச்சை எடுத்தாள். "மைதானத்துல எடது கைப்பக்கமா சுத்தி ஓடணும்ப்பா. நாம எப்பமும் வலமால்லா ஓடுதோம். வளைவுல எனக்குக் கால் தடுமாறுது. எதிர்ப்பக்கமா ஓடிப் பழகணும்."

"கோயில எதிர்ச்சுத்தா சுத்தவா? வெளங்குமாட்டி?" என்று பதறினேன்.

"கோயில ஏன் சுத்தணும்? ராஜபாளையம் ரோட்டுல பள்ளிக்கூட மைதானம் இருக்கு. இளையரசனேந்தல் ஊருப் பிள்ளைய ரெண்டு பேரு அங்கனதான் ஓடுதாளுவ. அவளுவளோட போறேன்."

"அப்பம் நானும் வாரேன்."

"வேண்டாம்ப்பா."

நான் ஒன்றைச் சொல்லி, "சரிப்பா" என்பதற்குப் பதில் அவள் மறுத்தது அன்றைக்குத்தான். அடுப்படியில் மனைவி தேங்காய் துருவும் சத்தம் நின்றது. என் வாயிலிருந்து "சரி" வந்த பிறகு மறுபடி ஆரம்பித்தது.

முதல் நாள் அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனதும் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மனைவி, "ஒண்ணு சூவக் கழட்டுங்க, இல்ல போயி ஓடுங்க. இப்படிக் காவக்காரன் மாதிரி இருக்காதிய" என்றாள். போய்த் தனியாக ஓடினேன். வடக்கு முக்கில் செவலை நாய் எனக்காகவே காத்திருந்த மாதிரி எழுந்து வந்தது. மகள் சொன்னது பொய்யில்லை. அந்த ஒரு வீதியை மட்டும் அன்று நான் போலீஸ் வேலைக்குத் தகுதியான நேரத்தில் கடந்தேன்.

அவள் நேரம் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை போய்விட்டது. தேர்வுக்கு முந்தின சாயங்காலம் அவள் பை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், "அந்த ராயகிரி விஷயம்..." என்று இழுத்தேன்.

"நாளைக்குப் பேசலாம்ப்பா" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் அதை ஒரு நாளும் மறக்கவில்லை என்று தெரிந்தது.

பாளையங்கோட்டையில் மைதானத்துக்குள் துணைக்கு வந்தவர்களை விடவில்லை. ஆளுயரத்துக்கு மேல் சுவர். உள்ளே விசில் ஊதுவது மட்டும் கேட்டது. எது என் பிள்ளைக்கு ஊதுவது என்று தெரியாததால் எல்லா விசிலுக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்கார முடியவில்லை. சுவரை ஒட்டி நடந்தேன், முக்கில் திரும்பினேன், மறுபடி நடந்தேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தடுத்தார்.

"சார், என்ன, சொவரையே சுத்தி வாரிய? போயி மரத்தடியில உக்காருங்க."

அப்போதுதான் கவனித்தேன். சுவர் என் வலக்கைப் பக்கம் இருந்தது. போலீஸ் மைதானத்துக்கு ஆடிச்சுற்று சுற்றிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வெயில் ஏறிய பிறகு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் கையிலிருந்த தண்ணீரை வாங்கி, பாதி குடித்து, மூடியைத் திருகிவிட்டு, "பாஸ்" என்றாள். நான் அழுதேன். மரத்தடியில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால், வெள்ளைக் கோடு போட்ட பேண்டில் நின்றுகொண்டு அழுதேன். அழுது முடித்து அங்கேயே அக்காவுக்கு ஃபோன் போட்டு, ராயகிரி வரன் வேண்டாம், அன்றைக்கு நான் சொன்னதும் தப்பு என்றேன். அக்கா ஏசி முடிக்கும்வரை ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ் புறப்பட்டதும் அவளாகச் சொன்னாள். "கடைசி வளைவுல திரும்பிப் பாத்துட்டேன்ப்பா."

"எத்தன தடவ சொல்லியிருக்கேன், திரும்பாதன்னு! திரும்புனா நேரம் போயிரும்லா!" எனக்குள் இருந்த பயிற்சியாளர் இன்னும் சாகவில்லை.

"பழகிப் போச்சு. நீங்க வாரியளான்னு பாத்தேன். அதுக்குள்ள ஒரு பிள்ள என்னையத் தாண்டிப் போயிட்டா."

"பெறவு?"

"நீங்க வரலேன்னு அப்பந்தான் ஞாபகம் வந்துது. பெறவுதான் ஓடுனேன்."

நான் "நல்லது" என்றேன். மானூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். மகள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என்னைவிட விவரம் தெரிந்தவள்.