அண்ணனுக்கு முன்னால் சொன்னது

ஆவுடையப்பன் கணிதத்தில் முதுகலை படித்தவன். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இருபத்தாறாவது வயதில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மனச்சிதைவு நோய் என்றார்கள். இப்போது நாற்பத்தொன்று. ராஜபாளையத்தில் தங்கை நாகஜோதி வீட்டில் இருக்கிறான். அவள் நூல் மில்லில் வேலை பார்க்கிறாள்.

மாத்திரைக்குக் குரல்கள் அடங்கின. அன்றாட வேலைகள்தான் அவனுக்குக் கூடவில்லை. காலை ஷிப்டுக்குப் போகிறவள் தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போவாள். நான்கு மணிக்குத் திரும்பினால் தட்டு அப்படியே இருக்கும். பக்கத்திலேயே அவனும் உட்கார்ந்திருப்பான்.

“பசிக்கலையாண்ணே?”

“பசிக்கத்தான் செய்யுது. எடுத்துத் திங்கணும்னும் தெரியுது. எங்கன ஆரம்பிக்கன்னுதான் தெரியல.”

எதிர்வீட்டு முத்துப்பேச்சி இதை நம்பவே மாட்டாள். “அம்புட்டுக் கணக்கையும் மனசுல போடுதவனுக்குக் குளிக்கத் தெரியாதாக்கும்? நீ இடம் குடுக்க, அவன் உக்காந்துட்டான்.”

உதவித்தொகைக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த மருத்துவ முகாமுக்கு நாகஜோதி அவனைக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். மடமடவென்று இரண்டில் வந்து நின்றான். சமைப்பீர்களா என்று கேட்டதற்கு, அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை விசில் என்று வரிசையாகச் சொன்னான். எதுவும் பொய்யில்லை. ஆனால் அவன் அடுப்பைப் பற்றவைத்து வருஷக்கணக்காகிறது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். “இவ்வளவு தெளிவா இருக்காரே. வேலைக்கே போகலாமேம்மா.”

அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பேசத்தான் நாகஜோதிக்கு ஆசை. பின்னால் வரிசை நெருக்கியது. அவன் முன்னாலேயே சொன்னாள். “அண்ணனுக்கு எல்லாம் தெரியும்மா, செய்யத்தான் ஏலல. பல் தேய்க்க நான் சொல்லணும். தண்ணிய மோந்து கையில குடுக்கணும். இன்னைக்கி நாந்தான் குளிக்க வச்சுக் கூட்டியாந்தேன். அதுக்கு முந்தி ஒம்பது நாளா மேலுக்குத் தண்ணி ஊத்தல.”

“பதினோரு நாள்,” என்று அவளைப் பார்க்காமலே திருத்தினான்.

டாக்டரம்மா மறுபடி பேனாவைத் திறந்தார். சான்றிதழ் கிடைத்தது.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டான். “எம்புட்டு நாளா என்னைய வேவு பாக்க?”

மறுநாளிலிருந்து அவள் கையால் மாத்திரை வாங்கவில்லை. இரண்டே வாரத்தில் குரல்கள் திரும்பின. எல்லாம் அவள் குரலாகவே கேட்கிறது என்றான். நான்கு பேர் பிடித்துக் காரில் ஏற்றி, மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஏற்றும்போது அவன் அவள் பெயரைச் சொல்லித்தான் கத்தினான். தெருவே வேடிக்கை பார்த்தது.

இருபத்திரண்டு நாள் கழித்து, மாதம் ஒரு ஊசி என்ற சீட்டோடு அவனைக் கூட்டிவந்தாள். பாதி ஆளாக இளைத்திருந்தான். வாசற்படியில் ஏறாமல் அப்படியே நின்றான். உள்ளே வா என்று சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. இனி எதைச் சொன்னாலும் அதை என்னவென்று எடுத்துக்கொள்வானோ.

வெயில் உச்சியில் அடித்தது.

“சொல்லு ஜோதி,” என்றான். “நீ சொன்னாத்தான் காலு வருது.”

“உள்ள வாண்ணே.”

செருப்பைக் கழற்றினான்.