முதலில் இறங்கியவன்

ஓய்வு பெற்ற கல்வி அதிகாரியை எங்கள் ஊரில் யாரும் சும்மா இருக்க விடமாட்டார்கள். உட்துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் காணியில் பிள்ளைகளுக்குக் கோல்ஃப் பழக்கத் தொடங்கியவர்கள், சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருக்கும்படி என்னைக் கேட்டார்கள். எனக்குக் கோல்ஃப் தெரியாது. விதி எழுதத் தெரியும். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மட்டையைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தப் பிள்ளையின் கையைத் தொடுவதானால் முதலில் கேட்கவேண்டும். வாகனத்தில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையுடன் தனியே போகக்கூடாது. இந்த இரண்டாவதைத் தடித்த எழுத்தில் போட்டேன். அதற்காகவே, சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வீட்டில் விடப் பயிற்றுநர் ஓட்டும் வான் வண்டியில் இரண்டாவது பெரியவராக நானே ஏறினேன். பயணப் பதிவில் வாராவாரம் கையொப்பமும் வைத்தேன்.

வானில் மூன்று பிள்ளைகள். பையன்கள் இருவரும் நகரத்துக்குள். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை நகரத்தைத் தாண்டி, சல்லி என்ற கடற்கரை ஊரில். என் வீடு உவர்மலையில். நேரே நகரத்துக்குப் போகவேண்டிய வான் எனக்காகத் திரும்பி மேடேறும்.

“ஐயாவை முதல்ல விடுவம். அவரை வைச்சுக்கொண்டு உங்களை இறக்கினா மரியாதையோ?” என்பார் பயிற்றுநர்.

“ஐயா இறங்கினாத்தானே சேர் பாட்டுப் போடுவார்!” என்பான் ஒரு பையன். நானும் சிரித்துக்கொண்டே இறங்குவேன்.

இப்படி ஐந்து மாதம். பையன்களும் இறங்கிய பிறகு வானில் மிஞ்சுவது எத்தனை பேர் என்பது முதலாம் வகுப்புக் கழித்தல். பள்ளிக்கூடங்களைப் பரிசோதித்தே தலை நரைத்தவனுக்கு அது வரவில்லை. மரியாதை சுகமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை என் கதிரைக்குக் கிட்ட வந்தாள்.

“ஐயா, இண்டைக்கு நீங்கள் கடைசியா இறங்க ஏலாதோ?”

“ஏன் பிள்ளை?”

“பெடியள் போனாப் பிறகு சேர் என்னை முன்சீற்றுக்கு வரச் சொல்லுறவர். விருப்பமில்லை எண்டு சொன்னனான். கேக்கிறார் இல்லை.”

துருவிக் கேட்கக்கூடாது, ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக்கூடாது என்பது விதி. கேட்கவில்லை. அதற்குமேல் கேட்க எனக்குப் பயமாகவும் இருந்தது.

“சொன்னது நல்லது, பிள்ளை. ஆனா இதை நான் எனக்குள்ள வைச்சிருக்க ஏலாது. அம்மாவுக்கும் சொல்லவேணும்.”

“அம்மா என்னை நிப்பாட்டிப் போடுவா, ஐயா.” அவளுக்கு அந்த விளையாட்டு உயிர்.

அன்று நானே முன்சீற்றில் ஏறினேன். உவர்மலைத் திருப்பத்தில், “நேரே போங்கோ. நான் சல்லிக்கு வாறன்,” என்றேன்.

“என்ன ஐயா, கடல் பாக்கவோ?”

“ஓம்.”

பையன்கள் இறங்கிய பிறகும் நான் முன்சீற்றிலேயே இருந்தேன். சல்லியில் பிள்ளையோடு இறங்கி, வானை அனுப்பிவிட்டு, தாயிடம் சொன்னேன். அன்றே அறிக்கை எழுதினேன். பயிற்றுநரை நிறுத்தினார்கள்; பொலிஸின் சிறுவர், மகளிர் பிரிவுக்கும் அறிவித்தாயிற்று. நிர்வாகக் குழுத் தலைவருக்கு ஒரேயொரு மனக்குறை.

“உங்கட பேரையும் ஏன் அறிக்கையில எழுதினனீங்கள்? ஆர் கேட்டது?”

“சல்லி வரைக்கும் போனதா நான் வைச்ச கையெழுத்தெல்லாம் பொய்.”

“அவர் மரியாதைக்கு இறக்கிவிட்டதுதானே, ஐயா!”

“அதையும் எழுதியிருக்கிறன்.”

புதிதாக ஒரு பெண் பயிற்றுநர் வந்ததும், பிள்ளையைத் திரும்ப அனுப்பும்படி கேட்கச் சல்லிக்குப் போனேன். தாய் படலையைத் திறக்கவில்லை; அதற்குப் பின்னால் நின்றே கதைத்தார். பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் வானில இருக்கிறீங்கள் எண்டுதானே ஐயா இவ்வளவு நாளும் அனுப்பினனான்?”

“ஓம். பிழை என்னிலையும்தான்.”

“அப்ப இனி ஆரை நம்பி அனுப்பச் சொல்லுறீங்கள்?”

“என்னை நம்பவேண்டாம். நீங்களே கூட வாங்கோ, வந்து பாருங்கோ.”

“யோசிப்பம்,” என்றார்.

மூன்று சனிக்கிழமைகள் போய்விட்டன. பிள்ளை இன்னும் வரவில்லை.