சூடம் காட்டிய தங்கூஸ்

புதுத் தங்கூஸின் நுனியைப் பல்லுக்கிடையில் வைத்து மெதுவாக இழுத்தால் நாக்கில் ஒரு வழுவழுப்பு ஓடும். மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் 'படங்கு' இருக்கிறதே, அதைப் புதிதாகப் பிரித்தவுடன் வரும் வாசம் வாய்க்குள் நிறையும். தூண்டிலுக்குப் போடும் நைலான் நூலுக்கு எங்கள் மலைப்பக்கத்தில் 'தங்கூஸ்' என்றுதான் பேர். அந்த ருசியை நான் முதலில் அறிந்தது என் அப்பாவோடு ஹட்டன் கடையொன்றில் நின்றபோது. இதில் வேடிக்கை, அப்பா மீன் தின்னாதவர். இளவயதில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு 'கவுச்சி' விட்டவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில், பெரிய நீர்த்தேக்கத்தின் கரையோரம் இருந்தது. வெளியூர்க்காரர்கள் அதை ஏரி என்பார்கள். எங்களுக்கு அது 'டேம்'. அணை கட்டித் தண்ணீர் நிரம்பியபோது பழைய தேயிலை மலைகள் அப்படியே உள்ளே போய்விட்டன. செடிகள் அழுகிப்போனாலும் கட்டைகள் அழுகவில்லை என்றும், தண்ணீருக்கடியில் இன்னும் வரிசை பிடித்து நிற்கின்றன என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டுகிற வேலை. அம்மாவுக்கு மலையில் கொழுந்தெடுக்கிற வேலை. நான் அவர்களுக்கு ஒரே மகள்.

ஆடி முடிந்தும் மழை விடாத ஒரு வருஷம், அம்மா இரண்டு பேருக்கான துணி மூட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரும்போது தன் துணியை மட்டும் கொண்டுவந்தாள். தம்பி பிறந்து, பால் குடிக்கும் முன்னமே கண்ணை மூடிவிட்டான். கடவுள் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. ஆனால் அன்று எங்கள் லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், இருந்த அமைதியை மறக்கவும் முடியவில்லை. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். பக்கத்துக் காம்பரா பேச்சி அக்கா கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தால் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். தோட்டத்து மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு அப்பாவை இஸ்தோப்புக்கு, வெளித் தாழ்வாரத்துக்கு, அழைத்துப் போய்ச் சொன்னது எனக்கும் கேட்டது.

"மருந்தெல்லாம் சரியாத்தான் குடுத்திருக்காங்க. ஆனா வாயில சோறு எறங்கலைன்னா ஒடம்பு தாங்காதுங்க. எப்புடியாச்சும் திங்க வைங்க. அம்புட்டுத்தான் நான் சொல்லுவேன்."

அன்று பொழுது சாய, அப்பா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, என்ன வேணும் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டே இருந்தார். ரொட்டியா, இடியப்பமா, பேக்கரிப் பாணா? கடைசியில் அம்மா சுவரைப் பார்த்தபடியே, "டேம் மீனு... எங்க அண்ணே புடிச்சிட்டு வருமே, அது மாதிரி" என்றாள். அவ்வளவுதான். அம்மா பிறந்து வளர்ந்ததும் இதே தண்ணீரின் அக்கரையில் இருந்த தோட்டம்.

அடுத்த லயத்துப் பையன்களிடம் சொல்லி அப்பா மறுநாளே மீன் வாங்கிவிட்டார். பேச்சி அக்கா புளி கரைத்துக் குழம்பும் வைத்தாள். அந்த வாடையில் அப்பா இஸ்தோப்பில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அம்மா தொடவில்லை. அப்பா அதை யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "அடுத்தவுங்க கையால செஞ்சா அது நேர்த்திக்கடனாவாது ஆயி. நானே புடிக்கணும்" என்று என்னிடம் சொன்னார். அவர் மனசில் அது சமையல் காரியமாக இல்லை, சாமி காரியமாக ஆகிவிட்டது.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, என்னையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினார். கடைக்காரரை எல்லாரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தி, மண்வெட்டி, கயிறு, விளக்குத் திரி என்று அவர் கடையில் இல்லாதது இல்லை. கூரையிலிருந்து தங்கூஸ் சுருள்கள் வளையல் கொத்துப் போல் தொங்கின.

"நானா, மீன் புடிக்கத் தங்கூஸ் வேணும்."

நானா அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். "சாமிக்கு மாலை கட்டவான்னு நெனச்சேன். என்னா மீனுக்கு?"

"தண்ணியில இருக்குற மீனுக்கு."

"தரையில இருக்குற மீனுக்கு நான் தங்கூஸ் விக்கிறதில்ல அண்ணே!" கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் வெட்கத்தோடு சிரித்தார்.

நானா நல்ல மனுஷர். கேலியை விட்டுவிட்டு மெல்லிசு, நடுத்தரம், தடிப்பு என்று ஒவ்வொன்றாய் இறக்கிக் காட்டினார். மெல்லிசு என்றால் தண்ணீருக்குள் மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கட்டையில் உரசினால் போச்சு. தடிப்பு என்றால் கட்டைக்கும் அசராது, கெண்டைக்கும் அசராது, ஆனால் மீன் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும். "ரெண்டு கொணமும் ஒரே நூல்ல வேணும்னா அது அல்லாகிட்டதான் கேக்கணும்" என்றார். அப்பா ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். பல்லில் கடித்துப் பார்த்தார். என் வாயிலும் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். எதற்குக் கடிக்கிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒரு ஆள் கடித்ததைப் பார்த்துத்தான் நாங்களும் கடித்தோம். கடைசியில் அப்பா மெல்லிசைக் கையில் எடுத்து, "இதுன்னா மீனுக்கு ரொம்ப வலிக்காதுல்ல?" என்று கேட்டார். நானா அதை வாங்கி வைத்துவிட்டு, இளம்பச்சை நிறத்தில் ஒரு நடுத்தரச் சுருளையும் கொஞ்சம் முள்ளையும் தாளில் மடித்துக் கொடுத்தார்.

மறுநாள் விடியலில் அப்பா குளித்து, சாமி படத்துக்கு முன்னால் தட்டு வைத்தார். தட்டில் வெற்றிலை, வெற்றிலை மேல் தங்கூஸ் சுருள், பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். தூண்டில் முள் யார் கையையும் குத்திவிடக் கூடாதென்று அதை அந்தப் பழத்தில் குத்தி வைத்திருந்தார். எங்கள் ஜனங்கள் புதுக் கத்தி வாங்கினாலும் சரி, புதுக் கூடை வாங்கினாலும் சரி, சாமிக்குக் காட்டாமல் எடுப்பதில்லை. அப்பா சுருளுக்குக் குங்குமம் வைத்தார், சூடம் ஏற்றினார். "ஆத்தா, ஒரு உசுரக் கொல்லத்தான் இத வாங்கியாந்திருக்கேன். பாவத்த எங்கணக்குல எழுதிக்க. எம் பொண்டாட்டி வாயில ஒரு வா சோறு எறங்கணும்" என்று சத்தமாகவே வேண்டினார். அம்மா போர்வைக்குள் அசையாமல் கிடந்தாள். அப்பா உருகி உருகிச் சூடத்தைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டே இருந்ததில், சுடர் சுருளின் ஓரத்தை நக்கிவிட்டது. லேசாக ஒரு கருகல் வாடை வந்தது. சுருள் அந்த இடத்தில் தானாக நெளிந்தது.

"பாத்தியா ஆயி, அசைஞ்சுச்சு! ஆத்தா ஏத்துக்கிட்டா!" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

இஸ்தோப்பில் பல் விளக்கிக்கொண்டிருந்த பேச்சி அக்கா எங்களைப் பார்த்ததும், "அண்ணே, பட்டை போட்டுக்கிட்டுத் தூண்டில் தூக்கிட்டுப் போறீங்க, மீனு கும்புட்டுக்கிட்டே வந்துருமா?" என்றாள். "வரும் வரும்" என்றார் அப்பா.

உண்மையிலேயே வந்தது. பனி விலகாத தண்ணீரில், ரொட்டி மாவு உருண்டையை முள்ளில் குத்திப் போட்டுவிட்டு, அப்பா வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தூண்டில் மூங்கிலின் நுனி ஒரேயடியாக வளைந்தது. அப்பா பதறி எழுந்து இழுத்தார். அகலமாக, செம்புத் தட்டுப் போல் ஒரு கெண்டை தண்ணீருக்கு மேல் வந்து ஒருதரம் மின்னியது. 'டக்' என்று ஒரு சத்தம். மீனும் இல்லை, முள்ளும் இல்லை. மறுபடி வேறு முள் கட்டிப் போட்டார். இந்தத் தடவை சின்ன மீன்தான், அதற்கும் அறுந்தது. பிறகு கட்டையில் மாட்டியபோது லேசாக இழுத்ததற்கே அறுந்தது. ஒவ்வொரு தடவையும் அறுந்த நுனியை அப்பா கையில் பிடித்துப் பார்ப்பார், மூங்கிலில் மிஞ்சிய துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுச் சுருளிலிருந்து புது நூல் கட்டுவார். கடைசியில் முள் தீர்ந்துபோய்க் கரையில் உட்கார்ந்தவர், "ஆத்தாளுக்கு என்னமோ கோவம்" என்றார். மீன் போன கவலை அல்ல அது. வேண்டுதல் ஏற்கவில்லை, அம்மா பிழைக்கமாட்டாள் என்றே அவர் நினைத்துவிட்டார். எனக்கு அது புரிந்து, நான் அழ ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வந்து, அறுந்த துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய்ப் பாயோரம் நின்று தேம்பினேன். அம்மாவின் தலை திரும்பியது.

"என்னா புள்ள? மீனு வரலியா?"

"வந்துச்சும்மா. தங்கூஸ் அந்துபோச்சு. திரும்பத் திரும்ப அந்துபோச்சு."

"எங்க, கொண்டா பாப்போம்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். துண்டுகளைப் பாயில் வரிசையாக நீட்டிப் போட்டாள். எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். மிச்சச் சுருளை எடுத்து நகத்தால் தடவிக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் நிறுத்தி மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"இதுல என்னா சூட வாசம் வருது?"

அப்பா வாசல் நிலையில் வந்து நின்றார். நான்தான் சொன்னேன், வெற்றிலை, எலுமிச்சம்பழம், நெளிந்தது, ஆத்தா ஏற்றுக்கொண்டது எல்லாவற்றையும். அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... தங்கூஸுக்கு யாராச்சும் சூடம் காட்டுவாங்களாங்க? அது பிளாஸ்டிக்கு! சுருளு ஓரத்துல சூடு பட்டா ஒவ்வொரு சுத்துலயும் வெந்துபோயிருக்கும்ல? அதான் அளந்து வச்ச மாதிரி அந்திருக்கு!"

"நான் நல்லதுக்குத்தான்..." என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். முதலில் மூச்சு மாதிரிதான் வந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, பேச்சி அக்கா கரண்டியோடு ஓடி வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுகைக்கு மாறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் அழுததே அன்றுதான். தம்பியை ஒருதரம்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லையே என்று அழுதாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார், அவரும் அழுதார். வெகுநேரம் கழித்து முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டு, "பசிக்குது. சோறு இருக்கா?" என்றாள் அம்மா.

இருந்தது பழைய சோறும் தேங்காய்ச் சம்பலும்தான். அப்பா பிசைந்து ஊட்டினார். கிண்ணம் காலியானது. "ஒரு வா சோறுதான் கேட்டேன், அதயே குடுத்துட்டா ஆத்தா" என்று அன்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக் கும்பிட்டார்.

உடம்பு தேறியதும் அம்மாவே ஹட்டனுக்கு வந்து நானா கடையில் தங்கூஸ் எடுத்தாள். அண்ணனோடு தூண்டில் போட்டு வளர்ந்தவள் கடிக்கவே இல்லை. இரண்டு நகத்துக்கிடையில் நூலை ஓடவிட்டு, முடிச்சு, சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு முடிச்சைப் போட்டு, எச்சிலால் நனைத்தபிறகே இறுக்கினாள். "நனைக்காம இறுக்குனா உரசுற சூட்டுலயே அந்துரும். சூடுதான் இதுக்கு எமன்" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். நானா காரணம் கேட்டு, கதை முழுவதும் கேட்டு, கல்லாவில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப்பின் பல ஞாயிறுகள் நாங்கள் மூன்று பேரும் டேம் கரையில் இருந்தோம். அம்மா பிடிப்பாள், நான் கழுவுவேன், அப்பா எதிர்க்காற்றில் தள்ளி உட்கார்ந்து தேவாரம் பாடுவார்.

இப்போது நான் கொட்டகலையில் குடும்பமாக இருக்கிறேன். போன மாதம் என் மகன் கேட்டானென்று ஹட்டனில் தங்கூஸ் வாங்கப் போனேன். நானாவும் இல்லை, தொங்கும் சுருள்களும் இல்லை. எல்லாம் படம் போட்ட பெட்டிக்குள் ஒட்டி வருகிறது. நகத்தில் ஓடவிட்டுப் பார்க்க வழியில்லை. அம்மா இருந்திருந்தால் கடைக்காரப் பையனோடு சண்டை போட்டுப் பெட்டியைப் பிரித்திருப்பாள். அவள் போன பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார். கண் சரியாகத் தெரிவதில்லை.

அந்தப் பழைய சுருளை, "சூடம் காட்டுன சாமான், தூக்கிப் போடாதீங்க" என்று அம்மாவே சாமித் தட்டில் எடுத்து வைத்திருந்தாள். இன்றும் எங்கள் வீட்டு மாரியம்மன் படத்தின் கீழே அது இருக்கிறது, பச்சை போய் வெளுத்துவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பா சூடம் ஏற்றுவதற்கு முன் தட்டைத் தடவி அதைத் தேடி எடுத்து, சுடர் எட்டாத பக்கமாக நகர்த்தி வைக்கிறார். அதன்பிறகுதான் தீக்குச்சியைக் கிழிக்கிறார்.