ஆறாம் வகுப்பில் ஓர் இடம்

என் மகள் படித்த பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். சின்னமனூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சிறிய பள்ளி அது. ஐந்து முடித்த பிள்ளைகள் எல்லோரும் வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். அந்த ஏப்ரலில் மற்ற பெற்றோர் எந்தப் பள்ளியின் வேன் எந்தத் தெருவுக்கு வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் கணவரும் எந்தப் பள்ளி இவளை வைத்துக்கொள்ளும் என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

அவளுக்கு அப்போது பத்து வயது. தமிழும் ஆங்கிலமும் தடையில்லாமல் வாசிப்பாள். ஆனால் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் பலமுறை எழுந்துவிடுவாள். ஜன்னல் வரை போவாள். திரும்பி வரும் வழியில் அடுத்த பிள்ளையின் பென்சில் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பது அவளுக்குப் புரியாது. கண்ணில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று எழுதினால் பாராட்டுப் போல இருக்கும். ஐந்து வகுப்பு முடிந்தும் அவளுக்கு ஒரு தோழிகூட இல்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது சரியான தகவல்.

மதுரையில் நாங்கள் அவளைக் காட்டிய மருத்துவர், அவளுக்கு இருப்பது கவனக் குறைபாடு என்றும், மற்றவர்களோடு பழகுவதிலும் சிரமம் உண்டு என்றும் சொன்னார். மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார். கடைசியாக, "பள்ளியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்" என்றார். திருமணத்துக்கு முன் நான் மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவள். அந்த வாக்கியம் என் மேசைக்கு வந்திருந்தால் 'தேர்ந்தெடுங்கள்' என்ற சொல்லை அடித்திருப்பேன். தேர்ந்தெடுக்கப்போவது நாங்கள் அல்ல, பள்ளிகள்.

என் நாத்தனார் வேறு வழி சொன்னார்.

"ஏத்தா, அந்த டாக்டரு என்னத்தச் சொன்னாகன்னு எனக்கு வெளங்கல. பிள்ளைக்குச் சனி நடக்குது. நாலு சனிக்கெழம குச்சனூரு சனி பகவான் கோயிலுக்குப் போயி எள்ளு வெளக்குப் போடு. தன்னால அடங்கிரும்."

"அக்கா, சனிக்கெழம பள்ளிக்கூடம் லீவு" என்றார் என் கணவர். "திங்கக்கெழமைக்கு ஒரு வழி சொல்லு."

நாத்தனார் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். ஆனாலும் குச்சனூருக்குப் போனோம். விளக்கும் போட்டோம்.

குழந்தைகளுக்கு நுழைவுத் தேர்வு நடத்தக் கூடாது என்ற அறிவிப்பை, நான் நாளிதழில் இருந்தபோது ஆண்டுதோறும் நாங்கள் செய்தியாகப் போட்டிருக்கிறோம். அதனால் எந்தப் பள்ளியும் அதைத் தேர்வு என்று சொல்லவில்லை. "சும்மா ஒரு அறிமுகம்தான், பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்கள். முதல் பள்ளியின் அறிமுகத்தில் மேசைமேல் இருந்த உலக உருண்டையை அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். அது கழன்று அலமாரிக்கு அடியில் உருண்டுபோனது. அதை எடுக்கப் பின்னாலேயே தவழ்ந்து போனாள். இரண்டாவது பள்ளியில் தாளாளர் அவளுடைய பெயரைக் கேட்டார். பெயரைச் சொல்லிவிட்டு அவள் அவரைக் கேட்டாள்:

"மீசைக்கு மட்டும் மை அடிச்சிருக்கீங்களே, தலைக்கு ஏன் அடிக்கல?"

எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். தாளாளர் சிரிக்கவில்லை. இடங்கள் நிரம்பிவிட்டதாகச் சொன்னார். நாங்கள் வெளியே வந்தபோது வாசலில் 'சேர்க்கை நடைபெறுகிறது' என்ற பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மே மாதம் வந்துவிட்டது. தேனிப் பக்கம் இன்னொரு தனியார் பள்ளி இருந்தது. அங்கே வகுப்புக்குப் பிள்ளைகள் குறைவு, முதல்வர் பொறுமையானவர் என்று கேள்விப்பட்டோம். அதை விட்டால் எங்களுக்குத் தெரிந்து வேறு தனியார் பள்ளி இல்லை.

என் கணவர் வாழைக்காய் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். லோடு அடுக்கும்போது நல்ல தார்களை வெளிப்பக்கம் பார்க்க வைப்பார்கள். அது வாங்குகிறவருக்கும் தெரியும், உள்ளே கைவிட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவார். இதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. அது அந்தத் தொழிலின் முறை.

"நாம அவளோட கெட்ட நேரத்துலயே கூட்டிக்கிட்டுப் போறோம்" என்றார் அவர். "நல்ல நேரம்னு ஒண்ணு அவளுக்கும் இருக்குல்ல? அதக் காட்டுவோம்."

அவளுடைய நல்ல நேரம் எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மார்க்கையன்கோட்டை சாலையில் இருக்கும் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீந்திவிட்டு வந்தால் அவள் அடங்கிப்போவாள். எழுந்திருக்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்வாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அது சில மணி நேரம் நிற்கும்.

அறிமுகத்துக்கு வரச் சொன்ன நாளில் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டோம். அவர் தண்ணீருக்குள் இருந்தார். அவள் மோட்டார் அறைத் திண்டிலிருந்து குதிப்பாள், நீந்தி வருவாள், படியேறுவாள், மறுபடி குதிப்பாள். நான் மேலே துண்டையும் புதுச் சுடிதாரையும் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒவ்வொரு முறையும் கூவிக்கொண்டு குதித்தாள். பிறகு கூவல் நின்றது. படியேறும்போது கைகளை ஊன்றி ஏறினாள்.

"போதும்ப்பா. கை வலிக்குது."

"இன்னும் ஒரு தடவ ஆத்தா. ஒரே தடவ."

குதித்தாள். மேலே வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார் அவர்.

அவள் மறுபடி திண்டில் ஏறினாள். போதும் என்று நானும் சொல்லவில்லை. நான் சாலைத் தூரத்தையும் தலை காயும் நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தேனிப் பள்ளியின் முதல்வர் அறையில் அவள் மடியில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்து நான் அவளைப் பள்ளியில் பார்த்ததே இல்லை. முதல்வர் நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசினார். ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். வகுத்தல் கணக்கு ஒன்று கொடுத்தார். போட்டாள். மேசைமேல் பேனாத் தாங்கி, கோப்பைகள், மணி எல்லாம் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தன. எதையும் தொடவில்லை.

"நல்ல அமைதியான பிள்ளை" என்றார் முதல்வர். என் கணவர் நாற்காலியில் முதல் முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முதல்வர் சேர்க்கைப் படிவத்தை எடுக்க இழுப்பறையைத் திறந்தார். அப்போது சும்மா பேச்சுக்குக் கேட்பது போலத்தான் கேட்டார்:

"பாப்பா, தலை ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?"

"கெணத்துல குதிச்சேன்" என்றாள் என் மகள். "இங்கன வந்து ஆடாம உக்காரணும்னு எங்கப்பா அலுக்குற வரைக்கும் குதிக்க விட்டாரு. கை வலிக்குதுன்னேன். இன்னும் ஒண்ணுன்னாரு. அதுக்கப்புறமும் இன்னும் ஒண்ணுன்னாரு."

முதல்வர் இழுப்பறையை மெதுவாக மூடினார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், ஜூன் மாசத்துலேருந்து என்ன செய்வீங்க?"

"தினமும் குதிக்க வைக்கிறேன் மேடம்" என்றார் என் கணவர். "விடியக்காலையிலயே கூட்டிக்கிட்டுப் போயிருவேன். மழை பேஞ்சாலும் சரி."

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கைகூப்பிக்கொண்டு சொன்னார். முதல்வர் என் பக்கம் திரும்பினார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் தங்களிடம் இல்லை என்றார். சேர்த்துக்கொண்டால் வாராவாரம் உங்களைக் கூப்பிட்டுப் புகார் சொல்ல வேண்டியிருக்கும், கடைசியில் பாதி ஆண்டில் அனுப்ப வேண்டியிருக்கும், அது பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் என்றார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை.

திரும்பும்போது அவள் காரின் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். வீரபாண்டி தாண்டியதும் என் கணவர் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"தலைக்குக் குளிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். "ஒரே ஒரு வார்த்த."

"அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வராதுங்கிறதுக்குத்தான மதுரைக்கே போனோம்."

அவர் வண்டியை மறுபடி சாலையில் ஏற்றினார்.

மதுரையில் சிறப்புப் பள்ளி ஒன்றையும் பார்த்தோம். தங்கிப் படிக்கும் இடம். அங்கிருந்த பிள்ளைகளில் பலருக்குப் பேச்சே இல்லை. சிலருக்குச் சோறு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் சுவரில் இருந்த அறிவிப்புகளை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே நடந்தாள். நிர்வாகி அதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு நல்லா வாசிக்கிற பிள்ளையை ஏம்மா இங்க கூட்டிக்கிட்டு வந்தீங்க? சாதாரணப் பள்ளியிலயே சேருங்க" என்றார். சாதாரணப் பள்ளிகள் அவளை இந்த மாதிரி இடத்துக்கு அனுப்பச் சொல்கின்றன என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். அதற்கு முன்பே பலர் அதைச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது.

அந்த மாதத்தில் நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை, சண்டை மட்டும் தவறாமல் போட்டோம். வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்போம் என்றார் அவர். வீட்டில் வைத்தால் அவள் எங்கள் இருவரைத் தவிர யாரோடும் பேசாமலே வளர்ந்துவிடுவாள் என்றேன். "இப்ப மட்டும் யாரு பேசுறாக?" என்று கேட்டார். அவள் ஒரு நாள் சமையலறைக்கு வந்து, "எனக்குப் பள்ளிக்கூடமே இல்லையா?" என்று கேட்டாள். வருத்தத்தோடு கேட்கவில்லை. நாளை மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டாள்.

பள்ளிகள் திறக்கச் சில நாட்களே இருந்தபோது உத்தமபாளையம் போகும் வழியில் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தானே மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னோம். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. அவள் அந்த நேரத்தில் அவருடைய நாற்காலியில் ஏறி நின்று சுவர்க் கடிகாரத்தைத் தொட முயன்றுகொண்டிருந்ததால் மறைக்கவும் முடியாது.

"சேத்துக்கிறேம்மா" என்றார். "மாட்டேன்னு சொல்ல எனக்கு அதிகாரமே கிடையாது."

எங்களுக்குக் கிடைத்த முதல் சம்மதம் அது. பிறகு அவர் எங்களை வெளியே கூட்டிப்போனார். பள்ளியின் முன்பக்கச் சுற்றுச்சுவர் இடிந்து கிடந்தது. இடிந்த இடத்திலிருந்து நெடுஞ்சாலை பத்தடிகூட இருக்காது. குமுளிக்குப் போகும் லாரிகள் வேகம் குறைக்காமல் போய்க்கொண்டிருந்தன.

"எழுதிப் போட்டிருக்கேன். கட்டுவாக, எப்பன்னு தெரியாது. ஆறாங்கிளாசையும் ஏழாங்கிளாசையும் ஒரே டீச்சர்தான் பாக்குறாக. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு ஒரு டீச்சர் வாரத்துல ஒரு நாள் வருவாக. உங்க பிள்ள எந்திரிச்சுப் போனா எல்லா நேரமும் நாங்க பாத்துட்டிருக்க முடியாது. அத இப்பவே சொல்லிரணும்ல?"

என் கணவர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவளைப் பார்த்துக்கொள்ள முடிந்த பள்ளி இவளைச் சேர்க்காது, சேர்க்கும் பள்ளியால் பார்த்துக்கொள்ள முடியாது. நிலவரம் இவ்வளவுதான். அன்றே சேர்த்தோம். முதல் சில வாரங்கள் நான் வகுப்பின் பின்வரிசையில் உட்காரலாம் என்று தலைமையாசிரியர் அனுமதித்தார்.

முதல் நாள் நான் உள்ளே போனதுமே வகுப்பு திரும்பிப் பார்த்தது.

"ஏலே, இந்தப் பிள்ள ஆத்தாளோட வந்துருக்குடா!"

"போடா, அது புது டீச்சரு. பேக்கப் பாரு."

"டீச்சர் இல்ல, எங்கம்மா" என்றாள் என் மகள் எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் ரோட்டுக்கு ஓடிருவேன்னு காவலுக்கு வந்திருக்கு."

வகுப்பு சிரித்து அடங்க நேரம் ஆனது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெட்டைச்சடைப் பெண் மட்டும் அவளையே உற்றுப் பார்த்தாள்.

"நெசமாவே ஓடுவியா?"

"தெரியல."

"ஓடுனா எங்கன போவ?"

"அதுவும் தெரியல."

அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, புத்தகத்தை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். அதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் தேட வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலை முழுவதும் என் மகள் பலமுறை எழுந்தாள். ஒவ்வொரு முறையும் நானும் பாதி எழுந்தேன். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் அவளைப் பார்த்துவிட்டு உடனே என்னைப் பார்த்தார்கள்.

இடைவேளையில் என்னிடம் வந்தாள்.

"நீ போ."

"ஏன்?"

"நீ எந்திரிக்கிறதப் பாத்துத்தான் எல்லாரும் சிரிக்கிறாக."

யார் சிரிக்கிறார்கள், எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அவள் கவனித்துச் சொன்னது அதுவே முதல் முறை.

"நான் போனதும் நீ ஓடிட்டா?"

"ஓடுனா ஓடுவேன். ஓட மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது?"

அவள் என்னைப் போகச் சொல்வதைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்மா" என்றார். பையை எடுத்துக்கொண்டு இடிந்த சுவர் வழியாக வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகும் பேருந்து வந்தது, ஏறவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தத் தூணுக்குப் பின்னால், அவளுக்குத் தெரியாத இடத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து வகுப்பின் வாசல் தெரிந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஒரு லாரி வந்தது, பள்ளி மறைந்தது. லாரி கடந்ததும் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. அடுத்த லாரி வந்துகொண்டிருந்தது.