கடைசி லோஞ்சு போனால்தான் தம்பிக்கு நித்திரை

மண்ணெண்ணெய் விளக்கின் திரியைக் குறைக்கும்போது ஒரு மணம் வருமே... அதோடு ஜன்னல் வழியாக உள்ளே வரும் உப்புக்காற்று. இந்த இரண்டையும் நினைத்தாலே போதும், இன்றைக்கும் எனக்குக் கண் சொக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். திருகோணமலையில் உள்துறைமுகக் கரையோரம் எங்கள் வீடு. அப்பா, மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் மோட்டார்ப் படகான லோஞ்சை ஓட்டினார். பொழுதுபடும் நேரம் கடைசி லோஞ்சை எடுத்துக்கொண்டு போனால், இரவு மூதூரில் தங்கி, காலையில் முதல் லோஞ்சோடு திரும்புவார்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. எனக்குப் பத்து.

அவனுக்கு இழுப்பு இருந்தது. நித்திரை குழம்பினால் அழுவான், அழுதால் இழுக்கும். அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தால் எங்களுக்கே மூச்சு முட்டும். "பிள்ளையை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு, ஒரே மாதிரிப் படுக்க வையுங்கோ" என்று கிளினிக் நேர்ஸ் சொன்னதை அம்மா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

கிணற்றடியில் கை, கால், முகம் கழுவல். புட்டும் வாழைப்பழமும். பாய் விரிப்பு. பிறகு ஜன்னல்...

கறுத்துக்கொண்டு வரும் தண்ணீரில் லோஞ்சின் வெளிச்சம் மெல்ல மெல்ல நகரும். கடைசியில் மலை மறைவுக்குள் போய்விடும். "அப்பா, போட்டு வாங்கோ" என்று தம்பி கை காட்டுவான். அவ்வளவுதான். பாயில் சரிந்தால், அம்மா முதுகில் தட்டத் தொடங்கும்போதே நித்திரை.

இந்த ஒழுங்கு இம்மியும் மாறக்கூடாது. ஒருநாள் குச்சவெளியிலிருந்து வந்த மாமி, பாசம் பொங்கி, வெளிச்சம் போன பிறகு அவனுக்கு இன்னொரு வாய் புட்டு ஊட்டிவிட்டார். தம்பி ஐயா எழும்பிக் குந்திவிட்டார். லோஞ்சு திரும்பி வந்து மறுபடியும் போக வேண்டுமாம்! அன்றைக்கு மாமி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அப்பாவுக்கு ஒரே ஒரு ஏக்கம் இருந்தது.

"ஒருநாளெண்டாலும் இவனை நான் நித்திரையாக்க வேணும்" என்பார். ஆனால் லோஞ்சு ஓடாத நாள்தான் அவருக்கு லீவு. லோஞ்சு ஓடாத நாளோ லேசில் வராது.

மார்கழியில் வந்தது. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து, லோஞ்சைக் கரையில் கட்டிவிட்டார்கள். பகல் முழுக்கத் தம்பி அப்பாவின் தோளை விட்டு இறங்கவில்லை. பொழுதுபட்டதும் அப்பா அம்மாவைப் பார்த்து, "இண்டைக்கு நீர் பேசாமல் இரும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். என்ன ஒரு சந்தோஷம் அந்த முகத்தில்! பாட்டு என்றால் அவருக்குத் துப்பரவாக வராது. ஆனாலும் தம்பியைத் தோளில் போட்டு, ஏதோ ஒன்றை முனகிக்கொண்டு நடந்தார்.

தம்பி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு வெளிச்சமும் இல்லை.

"அப்பா இன்னும் போகேல்லை..."

"அப்பா இஞ்சைதானேயடா நிக்கிறன். நான்தானே உன்னைத் தூக்கி வைச்சிருக்கிறன்."

"இல்லை... அப்பா இன்னும் போகேல்லை..."

அழுகை. அதன் பின்னால் இழுப்பு. அம்மா நெஞ்சைத் தடவித் தடவி, மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். அன்றைக்கு வீட்டில் ஒருவரும் கண் மூடவில்லை. அப்பா ஒரு மூலையில் கதிரையில் இருந்தபடி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளும் லோஞ்சு கரையில் கட்டியபடிதான் கிடந்தது. ஆனாலும் பின்னேரம் அப்பா வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையைப் போட்டார்.

"போட்டு வாறன், ராசா."

அரிக்கன் லாம்பைக் கொளுத்தினார். தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். ஜன்னலுக்குக் கீழே தெரியும் கரையோரமாக, லாம்பை உயரப் பிடித்தபடி, ஒரு பெரிய கல்லின் மறைவு வரைக்கும் நடந்தார்.

அந்த முதல் தடவை மழைக்குக் கொஞ்சம் வேகமாக எட்டி நடந்துவிட்டார்.

"அம்மா, லோஞ்சு ஏன் இண்டைக்கு இவ்வளவு கெதியாப் போகுது?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி கை காட்டினான். படுத்தான். இழுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அப்பா பழகிவிட்டார். அலையில் ஆடுவதுபோல லாம்பை மெல்ல ஆட்டி ஆட்டி நடப்பார். கடல் அடங்கும்வரை ஒவ்வொரு பொழுதும் அப்படித்தான். நான்தான் அடுப்படிப் பக்கம், குசினிக் கதவைத் திறந்துவிடுவேன். சொட்டச் சொட்ட நனைந்து வந்து, பாயின் கால்மாட்டில் நின்று அவனைப் பார்ப்பார். கை குளிர்ந்திருக்கும் என்று தொடமாட்டார்.

"இவனை நித்திரையாக்க நான் வீட்டை விட்டுப் போக வேண்டிக் கிடக்கு, பாரன் பிள்ளை" என்று சிரிப்பார். "அவனுக்குச் சொல்லிப்போடாதை."

அப்போது எனக்கு அது பெரிய பகிடி.

தம்பி இப்போது கனடாவில். மகளுக்கு நாலு வயது. படுக்க முதல் போன், டீவி எல்லாம் ஓஃப். குளிப்பு, பல் தீட்டல், ஒரு கதை, மங்கல் லைட். அப்பா ஆசைப்பட்டதுபோல அவனே பக்கத்தில் படுத்துத் தட்டி நித்திரையாக்குகிறான். நல்லாயிருக்கட்டும். பார்க்கப் போனால் அம்மாவின் அதே ஒழுங்குதான்... ஜன்னல் மட்டும் இல்லை.

போன கிழமை கோல் எடுத்தபோது சொன்னான்:

"அக்கா, எங்கடை அப்பா மாரிக் கடலிலையும் ஒருநாள் லோஞ்சை நிப்பாட்டேல்லை, என்ன? மகளுக்கு நான் அந்தக் கதைதான் சொல்லுறனான்."

"ஓம்" என்று மட்டும் சொன்னேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அல்லவா. அவர் போயும் கன வருஷமாகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு போனை வைத்த பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை.

தம்பி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும்.

அந்த மாரியில் லோஞ்சு போகவேயில்லையடா. ஜன்னலுக்குக் கீழே மழைக்குள் நடந்தது அப்பா. லோஞ்சில் போகிற நாட்களில் அவருக்கு நீ கை காட்டுவது தெரிந்ததே இல்லை. அந்த மாரியில்தான், எங்கள் விளக்கு வெளிச்சத்தில், அவர் அதைக் கண்டார். நான் குசினிக் கதவடியில் நின்று பார்த்தேன்... ஒரு கையில் லாம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவரும் உனக்குக் கை காட்டினார்.