தாடையில் வந்த வலி

வலி முதலில் கீழ்த்தாடையில்தான் வந்தது. வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பாதையில், இரண்டாவது வளைவில். நின்றால் அடங்கும், நடந்தால் மறுபடி வரும். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. மிஷன் பள்ளியொன்றில் தையல் ஆசிரியை. மணியடிக்கும் முன் போய்விட வேண்டுமென்று வலியோடே ஏறினேன்.

பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை. அடுத்த மாதம் இன்னொன்றையும் பிடுங்கினார். இரண்டிலும் சொத்தை இல்லை.

பிறகு வேறொரு டாக்டர். ஐந்து வருடங்களுக்கு முன், ஓயாத உதிரப்போக்குக்காக என் கருப்பையை எடுத்திருந்தார்கள். கூடவே இரண்டு சூலகங்களும் (சினைமுட்டை உண்டாகும் உறுப்புகள்) போனது எனக்குப் பிறகுதான் தெரியும். ஏறும்போது படபடப்பும் வேர்வையும் வருவதோடு அதையும் சொன்னேன்.

"அதாம்மா. மாசாமாசம் வர்றது நின்னுபோனா படபடப்பு, வேர்வை எல்லாம் இருக்கத்தான் செய்யும். மனச அலட்டிக்காதீங்க."

சத்து மாத்திரை எழுதித் தந்தார். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. நோயில்லை என்று சொல்பவரை நம்பத்தானே மனம் விரும்புகிறது.

ஐப்பசியில் ஒரு காலை, வகுப்பில் துணி வெட்டும்போது இடது கை மரத்துப்போனது. அந்தக் குளிரிலும் ரவிக்கை வேர்வையில் நனைந்துவிட்டது. ஆள்விட்டு என் கணவர் சூசையை அழைத்தார்கள். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியில் என்னை மதுரைக்குக் கொண்டுபோனார்.

"ஏ ஞானம், கண்ண மூடாத. வத்தலக்குண்டு வந்துருச்சு."

ஒவ்வொரு வளைவிலும் அதையே சொன்னார். மலையடிவாரத்து வத்தலக்குண்டு வரவேயில்லை.

மாரடைப்பு (இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வது) என்றார்கள். சர்க்கரையும் இருந்தது. அங்கிருந்த பெண் டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார்.

"சூலகத்துல சுரக்குற ஹார்மோன், பொம்பளைங்க இரத்தக் குழாய்க்கு ஒரு காவல்னு நினைக்கிறோம். உங்களுக்கு அது வெள்ளனே போயிருச்சு. அதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"அதையே மாத்திரையாக் குடுக்கக் கூடாதுங்களா?"

"குடுக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க. அடைப்பு வந்த உடம்புக்கு நான் குடுக்க மாட்டேம்மா. இன்னொரு எடத்துல இரத்தம் உறைஞ்சிட்டா என்ன பண்றது?"

"எப்பங்க பழையபடி ஆவா?" என்று கேட்டார் சூசை.

"செத்த தசை திரும்ப வளராதுங்க."

சூசை தலையாட்டினார், புரிந்ததைப் போல. பிறகு வராந்தாவுக்குப் போய், வெகுநேரம் திரும்பவில்லை.

வேலையை விட்டேன். இதைப் படிக்கும் பெண்ணுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு: ஏறும்போது வந்து, நின்றால் அடங்கும் வலி தாடையிலோ தோளிலோ இருந்தாலும், நெஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள். வயதுக்கோளாறு என்று அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள்.

இப்போது வாசலிலிருந்து கிணறுவரை போக இருமுறை நிற்கிறேன். உடம்பு முன்பு நான் நினைத்த இடத்துக்கு என்னைக் கொண்டுபோனது. இன்று ஒவ்வொரு அடிக்கும் அதனிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் சூசை எங்கள் மேட்டு நிலத்தில் பேரிக்கன்றுகள் வைப்பதைப் பற்றிப் பேசினார். "மேட்டுல வச்சா அஞ்சாறு வருசத்துல காய்க்கும். வைக்கட்டுமா?"

"பூண்டு போடுங்க," என்றேன். "நாலஞ்சு மாசத்துல எடுத்துரலாம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார்.